தோட்டத்து வீட்டுக்கு துப்பாக்கி காவலா? எந்தத் தோட்டா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

காங்கேயம்:

ராத்திரி 11 மணி. சுற்றிலும் தென்னந்தோப்பு. பக்கத்துச் சாளைக்குப் போக வேண்டும் என்றால் அரை மைல் நடக்கணும். கட்டுத்தறியில் மாடு மிரளுகிறது. நாய் விடாமல் குரைக்கிறது. வீட்டுக்குள் இருப்பது வயதான அப்பாரும் அப்பத்தாவும் மட்டும். பிள்ளைகள் பெங்களூரில், சிங்கப்பூரில். இந்த நேரத்தில் அந்த இரண்டு பேர் என்ன செய்வார்கள்?

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை, பல்லடம் வட்டாரத்துத் தோட்டங்களில் கடந்த 2 ஆண்டுகளாக இந்தக் கேள்வி ஓயவில்லை. "ஒரு ரிவால்வர் வாங்கி வெச்சுக்கிட்டா என்னங்க?" என்ற பேச்சு டீக்கடை பெஞ்சில் இருந்து கலெக்டர் ஆபீஸ் மனு வரைக்கும் வந்துவிட்டது. "வாங்கினா எந்த ரகம்? எந்தத் தோட்டா போட்டா ஒரே அடியில் ஆள் விழுவான்?" என்று செல்போனில் வீடியோ பார்த்து விவாதம் பண்ணுகிற இளவட்டங்களும் இருக்கிறார்கள்.

பயம் நியாயமானது. ஆனால் துப்பாக்கி அந்தப் பயத்துக்கு மருந்தா? லைசென்ஸ் கிடைக்குமா? தோட்டா எங்கே போய்ப் பாயும்? சுட்டால் கேஸ் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நெஞ்சைப் பதற வைத்த 2 சம்பவங்கள்

காங்கேயத்துக்கு மேற்கே பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையம். 2024-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. தோட்டத்து வீட்டில் இருந்த வயதான கணவன், மனைவி, ஊரில் இருந்து வந்திருந்த அவர்களது மகன் என 3 பேரும் ஒரே ராத்திரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். விடிந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. கொங்கு மண்டலமே ஆடிப்போனது.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் அடுத்த இடி. காங்கேயத்துக்குக் கிழக்கே ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே விளாங்காட்டு வலசு. அங்கே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த முதிய தம்பதி நகைக்காகக் கொல்லப்பட்டனர். 2025-ம் ஆண்டு மே 1-ந் தேதிதான் உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கொலை நடந்து சில நாட்கள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அதே மே மாதத்தில் தனிப்படை போலீசார் 3 பேரையும், நகையை வாங்கியதாக ஒருவரையும் கைது செய்தனர். பல்லடம் கொலையிலும் இவர்களுக்குத் தொடர்பு இருப்பதாகப் போலீஸ் தரப்பில் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு வந்து போகிற ஆட்கள் போல வீடுகளை நோட்டம் விட்டார்கள் என்றும் கூறப்பட்டது. குற்றம் செய்தது யார் என்பதைக் கோர்ட்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த இரண்டு சம்பவத்துக்குப் பிறகுதான், "தோட்டத்தில் குடியிருக்கிறவங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்க" என்ற குரல் விவசாயிகள் தரப்பில் பலமாக எழுந்தது.

லைசென்ஸ் கிடைப்பது லேசா?

லேசு இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு வழிகாட்டி. காங்கேயத்துக்காரர் என்றால் திருப்பூர் மாவட்ட கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். திருப்பூர், கோவை மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்குப் போலீஸ் கமிஷனர்.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உடம்பும் மனசும் சரியாக இருப்பதாக டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க வசதி இருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். வழக்கு ஏதும் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, அக்கம்பக்கத்தில் வாய்க்கால் வரப்புத் தகராறு உண்டா என்று தோண்டித் துருவுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, "உனக்கு என்ன ஆபத்து?" என்ற கேள்வி. "பயமா இருக்குதுங்க" என்பது மட்டும் போதாது. துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை, அது அரசு கொடுக்கிற அனுமதிதான் என்று ஐகோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

நிலவரம் என்ன என்பதற்கு ஒரு கணக்கு. 2016-ம் ஆண்டு டிசம்பர் 31 வரையிலான மத்திய உள்துறை அமைச்சகப் புள்ளிவிவரப்படி, நாடு முழுவதும் இருந்த லைசென்ஸ் 33 லட்சத்து 69 ஆயிரத்துச் சொச்சம். அதில் உத்தரப்பிரதேசத்துக்கு மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டுக்கு வெறும் 22 ஆயிரத்து 532.

2019-ல் சட்டம் இன்னும் இறுகியது. ஒருவர் 3 துப்பாக்கி வைக்கலாம் என்று இருந்தது 2 ஆகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டு ஆனது. கல்யாணம், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"அப்போ குடகுக்காரங்க மட்டும் வெச்சிருக்காங்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே சில வகைத் துப்பாக்கிகளுக்கு லைசென்சில் இருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆனால் அது அவர்களது குல வழக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலக்கு. திருடன் பயத்துக்காகக் கொடுத்தது இல்லை. நம்மூருக்கு அது பொருந்தாது.

கடைக்குப் போனால் என்ன கிடைக்கும்?

வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் சாதாரணமாக இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. அதனால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கான்பூரில் தயாராகும் '.32' ரக ரிவால்வரைத்தான் தேடுகிறார்கள். டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு 2014-ல் பெண்களுக்காக என்று வந்த 'நிர்பீக்' ரிவால்வர் இந்த ரகம்தான். எடை அரை கிலோ. அப்போதே விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற பெயரில் இன்னொன்று வந்தது. எடை 700 கிராம். 50 மீட்டர் தூரம் வரை சுடும் என்று தயாரிப்பு நிறுவனம் சொன்னது.

களத்தில் தேங்காய் உடைக்கிற கூலிக்காரரும், ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவரும் லட்ச ரூபாய்க்குத் துப்பாக்கி வாங்க முடியுமா? தோட்டத்து மூலையில் ஒரு அறையில் பிள்ளை குட்டியோடு படுத்திருக்கும் பண்ணையக்காரர் குடும்பத்துக்கு யார் காவல்? இந்தக் கேள்விக்கு ரிவால்வரில் பதில் இல்லை.

9 மில்லி மீட்டர் போன்ற ராணுவம், போலீஸ் ரகங்கள் தடை செய்யப்பட்டவை. தனிநபர் கையில் இருந்தால் பெரிய வழக்கு. "பீகார்ல இருந்து ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை ஜெயில். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் குறைந்தது 7 ஆண்டு. திருடன் வருவதற்கு முன்னாலேயே போலீஸ் வந்துவிடும்!

எந்தத் தோட்டா?

இப்போது தோட்டா விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய வியாபாரம். வீட்டுக் காவலுக்கு என்றே டஜன் கணக்கில் ரகங்கள். முனை உருண்டையான ஈயக் குண்டு, முனையில் குழி உள்ள குண்டு, அதிக மருந்து போட்டது, குறைந்த மருந்து போட்டது என்று கடை பரப்பி வைத்திருக்கிறார்கள். முனையில் குழி இருந்தால் உடம்பில் பட்டதும் குண்டு பூ மாதிரி விரியும். உள்ளேயே நின்றுவிடும். உருண்டை முனை என்றால் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போக வாய்ப்பு அதிகம். பின்னால் நிற்பவர் மீதும் பாயும். அதனால்தான் அங்கே குழி முனைக் குண்டைச் சிபாரிசு செய்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த விரியும் குண்டுக்கு உலகம் வைத்த பழைய பேர் 'டம்டம்' குண்டு. கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் அதே டம்டம்தான்! 1890-களில் அங்கே இருந்த வெள்ளைக்காரன் ஆயுதத் தொழிற்சாலையில் தயாரானது. காயம் அவ்வளவு கோரமாக இருந்ததால் 1899-ல் ஹேக் நகரில் நடந்த மாநாட்டில் போரில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று நாடுகள் கூடி அறிவித்தன.

நம்மூரில் அந்த மாதிரி துணிக்கடையில் சேலை எடுப்பது போல் எடுத்துப் பார்த்து வாங்க முடியாது. '.32' ரிவால்வருக்கு வழக்கமாகக் கிடைப்பது அரசு தொழிற்சாலையில் தயாராகும் உருண்டை முனை ஈயக் குண்டு. குண்டின் எடை சுமார் 6 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 200 மீட்டர். 1896-ல் அமெரிக்காவில் பிறந்த பழைய ரகம் இது. துப்பாக்கி உலகில் இதைச் சாதுவான ரகம் என்பார்கள். உதைப்பு குறைவு. வயதானவர் கையும் தாங்கும். ஆனால் சினிமாவில் காட்டுவது போல் பட்டதும் ஆள் பறந்து போய் விழமாட்டான். வெறி பிடித்து அரிவாளோடு ஓடி வருகிறவன், குண்டு பட்ட பிறகும் சில அடி ஓடி வந்து வெட்ட முடியும்.

"அப்போ இன்னும் பவரான ரகம் வேணும்" என்று நினைத்தால் வேறு சிக்கல். பெரிய ரகத் தோட்டாவுக்கு உதைப்பு அதிகம். மூடிய அறைக்குள் சுட்டால் காது அடைத்துப்போகும். இருட்டில் வாய்த் தீயில் கண் கூசும். முதல் தோட்டா தவறினால், இரண்டாவது எங்கே போகிறது என்று சுட்டவருக்கே தெரியாது.

சுவரைக் கேளுங்கள்

தோட்டாவைத் தேர்வு செய்யும் முன் வீட்டைப் பார்க்கணும் என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது.

பழைய சாளை வீடுகளில் மண் சுவரோ கல் சுவரோ கனமாக இருக்கும். ஆனால் கதவு, ஜன்னல், ஓட்டுக் கூரை? முன்னால் இறக்கிய தகரத் தாழ்வாரம்? புதுசாகத் தடுத்துக் கட்டிய பிளைவுட் அறை? கட்டுத்தறியை ஒட்டி ஆட்கள் தங்கும் தகர ஷெட்? ரிவால்வர் குண்டுக்கு மெல்லிய பலகைக் கதவும் தகரமும் ஒரு தடையே இல்லை. குறி தவறிய குண்டு எங்காவது போய்த்தானே நிற்கணும்? அது பேத்தி படுத்திருக்கும் அறையாகவும் இருக்கலாம்.

12 போர் நீளத் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். பறவை சுடும் சன்ன ரவைத் தோட்டா சுவரைத் துளைப்பது குறைவு. பெரிய ரவை என்றால் கதவைத் தாண்டும். வராந்தாத் தூணுக்கும் பீரோவுக்கும் நடுவே நீளத் துப்பாக்கியைத் திருப்பி நிமிர்த்துவதற்குள் ஆள் பக்கத்தில் வந்துவிடுவான்.

இன்னொரு விஷயம். தோட்டாவுக்கும் வயசு உண்டு. பீரோவில் 15 வருஷமாக ஈரம் பட்டு, பச்சை பூத்துக் கிடக்கும் தோட்டா நேரத்துக்கு வெடிக்கும் என்று நம்ப முடியாது. ரிவால்வரில் ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்தது வரும். அதுதான் பிஸ்டலைவிட ரிவால்வருக்கு இருக்கும் வசதி. ஆனால் வெடிக்காத தோட்டா சில வினாடி கழித்து வெடிக்கவும் கூடும். பயிற்சியின்போது அப்படி நடந்தால் குழலை ஆள் இல்லாத பக்கம் நீட்டி அரை நிமிடம் காத்திருக்கணும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று லைசென்சிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒன்று இருந்தாலும் குற்றம். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். அந்த ஒன்றிரண்டு மாதம் வீட்டுக்கு யார் காவல்?

நிழலைச் சுட்டால்?

இதுதான் மிகப் பெரிய ஆபத்து. ராத்திரி தோட்டத்துக்குள் நடமாடுகிறவன் எல்லாம் திருடனா?

மும்முனை கரண்ட் ராத்திரி வந்தால் மோட்டார் போட வருவார்கள். வாய்க்கால் முறை வந்தால் மடை திருப்ப வருவார்கள். விடியற்காலை 4 மணிக்குப் பால் கறக்க ஆள் வருவார். அவிழ்த்துக்கொண்டு போன மாட்டைத் தேடிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் டார்ச் லைட்டோடு வருவார். சொல்லாமல் கொள்ளாமல் சென்னையில் இருந்து மகனே நடு ராத்திரியில் வந்து கதவைத் தட்டலாம். பயத்தில் இருக்கும் கண்ணுக்கு எல்லாமே ஒரே நிழல்தான்.

வெளிநாட்டில் நடந்ததைப் பார்த்தால் புரியும். 1992-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பார்ட்டிக்குப் போன 16 வயது ஜப்பான் மாணவர் வீடு மாறி வேறு வீட்டு பெல்லை அடித்துவிட்டார். வீட்டுக்காரர் 'நில்' என்று கத்தினார். மாணவருக்குப் புரியவில்லை. ரிவால்வர் வெடித்தது. பையன் செத்தான். கிரிமினல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலை ஆனாலும், நஷ்டஈடு வழக்கில் 6 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பானது.

தென்ஆப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கதை உலகத்துக்கே தெரியும். 2013-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி அதிகாலை. பாத்ரூமில் திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து மூடிய கதவு வழியாக 4 முறை சுட்டதாகச் சொன்னார். உள்ளே இருந்தது அவரது காதலி! துப்பாக்கியில் இருந்தது உடம்பில் விரியும் ரகக் குண்டு. கதவு தடுக்கவில்லை. காதலி பிழைக்கவில்லை. 2015-ல் அது கொலைதான் என்று மேல்முறையீட்டுக் கோர்ட்டு சொன்னது. பிறகு தண்டனை 13 ஆண்டு 5 மாதம் ஆனது. 2024 ஜனவரியில்தான் பரோலில் வெளியே வந்தார்.

வீட்டுக் காவலுக்கு நல்ல தோட்டா என்று அங்கே சொல்லப்படும் அதே ரகம்தான் அது. தோட்டா தன் வேலையைச் சரியாகச் செய்தது. கதவுக்குப் பின்னால் யார் என்று பார்க்க வேண்டியது மனுஷன் வேலை. அதுதான் நடக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தற்காப்பு உரிமை நம் நாட்டிலும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை.

உயிருக்கோ, பலத்த காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாகப் பயந்தால், தடுக்கும்போது எதிராளி செத்தாலும் குற்றம் இல்லை. இது 38-வது பிரிவு. கொள்ளை அடித்தாலோ, பொழுது சாய்ந்த பிறகு விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுந்தாலோ 41-வது பிரிவு துணைக்கு வரும்.

ஆனால் 37-வது பிரிவு கடிவாளம் போடுகிறது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிடணும். தேங்காய் திருடியவன், கோழி பிடித்தவன், மோட்டார் வயரை அறுத்தவன் மீது சுட்டால் இந்தச் சட்டம் காப்பாற்றாது. வீட்டை விட்டு வெளியேறித் தலைதெறிக்க ஓடுகிறவனின் முதுகில் சுட்டாலும் அதே கதைதான். சுட்டது தற்காப்புக்குத்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு சுட்டவர் தலையில் விழும். கேஸ், வக்கீல், வாய்தா என்று வருஷக் கணக்கில் அலையணும். காட்டை விற்றுத்தான் கேஸ் நடத்தணும் என்ற நிலைமையும் வரலாம்.

பீரோவில் இருந்தால் பயன் உண்டா?

திருடர்கள் நேரம் பார்த்து வருகிறார்கள். சொல்லிவிட்டு வருவதில்லை. நாய் குரைக்கிறதே என்று கதவைத் திறந்து வெளியே வருகிற ஆளைத்தான் முதலில் மடக்குகிறார்கள். அந்த நேரத்தில் ரிவால்வர் எங்கே இருக்கும்? சட்டப்படி பீரோவுக்குள் பூட்டி இருக்கும். சாவி இடுப்பில். கண்ணாடி மேஜை மேல். கை நடுங்கும்.

"பூட்டாம தலையணைக்கு அடியில வெச்சுக்கறோம்" என்றால் வேறு வினை. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள். வீட்டில் சண்டை வரும். குடித்துவிட்டு வருகிறவர் இருப்பார். கடன் தொல்லையில் மனசு உடைந்தவர் இருப்பார். இத்தனை பேருக்கு நடுவில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடப்பது அரளிக் கொட்டையை அடுப்படியில் வைப்பது போல. அதோடு, வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் திருடவே வருவார்கள்.

திருடர்களிடமே துப்பாக்கி இருந்தால்? 1995-ல் தொடங்கிச் சுமார் பத்தாண்டு தமிழ்நாட்டை நடுங்க வைத்த பவாரியா கும்பல் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் துப்பாக்கியோடுதான் புகுந்தது. 2005 ஜனவரி 9-ந் தேதி கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவரது வீட்டிலேயே சுட்டுக் கொன்றது அந்தக் கும்பல்தான். அவர்களைப் பிடித்துக் கொடுத்தது போலீசார் சேர்த்து வைத்த கைரேகையும், வடமாநிலங்களில் மாதக்கணக்கில் அலைந்த தனிப்படையும்தான்.

கடையம் தம்பதி காட்டிய வழி

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி ராத்திரி. அப்போதைய திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே கல்யாணிபுரம். தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னால் இருந்து துண்டால் இறுக்கினான் ஒரு முகமூடி ஆசாமி. இன்னொருவன் கையில் அரிவாள். சத்தம் கேட்டு ஓடி வந்தார் அவரது மனைவி. கையில் கிடைத்த செருப்பு, பிளாஸ்டிக் சேர் எல்லாவற்றையும் தூக்கி வீசினார். பெரியவரும் திமிறி எழுந்து சேரை எடுத்து அடித்தார். கழுத்துச் சங்கிலி போனாலும் உயிர் தப்பியது. அரிவாள்காரர்கள் ஓட்டம் பிடித்தனர்.

சி.சி.டி.வி.யில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சுதந்திர தினத்தன்று முதல்வர் கையால் தம்பதிக்கு வீரதீர விருது கிடைத்தது.

அந்தப் பெரியவரிடம் ரிவால்வர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின்னால் இருந்து கழுத்தை இறுக்கினால் எடுத்திருக்கவே முடியாது. அங்கே உதவியது இரண்டாவது ஆளும், சத்தமும், வெளிச்சமும், கேமராவும். எல்லோரும் அப்படித் துணிந்து மோத வேண்டும் என்று சொல்லவில்லை. உயிரா நகையா என்றால் உயிர்தான். ஆனால் எது உதவியது என்பதைக் கவனிக்கணும்.

தோட்டத்துக்காரர்கள் கவனத்துக்கு

* ராத்திரி நாய் குரைத்தாலோ, கரண்ட் திடீரென்று போனாலோ கதவைத் திறந்து வெளியே போகக் கூடாது. உள்ளே இருந்தே வெளி லைட்டைப் போட்டு, போனை எடுங்கள். நாய் திடீரென்று சுருண்டு விழுந்தாலோ, காணாமல் போனாலோ அன்றைக்கே போலீசில் சொல்லுங்கள்.

* அவசரத்துக்கு 100 அல்லது 112. 'காவல் உதவி' செயலியும் உண்டு. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் நம்பரைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள். வயதானவர்கள் மட்டும் தனியாக இருந்தால் ஸ்டேஷனில் விவரம் கொடுத்து வையுங்கள். ரோந்து போகும்போது எட்டிப் பார்ப்பார்கள்.

* வராந்தாவுக்கு கிரில் கேட், உள்பக்கம் இரட்டைத் தாழ்ப்பாள், நாலு பக்கமும் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சோலார் லைட், பேட்டரியோடு கேமரா, பட்டனை அழுத்தினால் ஊரைக் கூட்டும் சைரன். எல்லாம் சேர்த்தாலும் ஒரு ரிவால்வர் விலை ஆகாது.

* நகையைப் பேங்க் லாக்கரில் வையுங்கள். கல்யாணம் காட்சிக்கு எடுத்தால் மறுநாளே திருப்பி வையுங்கள். கொப்பரை, மாடு விற்ற பணம் வீட்டில் இருக்கிறது என்று வெளியே பேசாதீர்கள்.

* வேலைக்கு வருகிறவர்களின் ஆதார் நகல், போன் நம்பர் வாங்கி வைப்பது நல்லது. அதற்காகத் தென்னை ஏறுகிறவர், கொப்பரைக் களத்து வடமாநிலத் தொழிலாளி எல்லோரையும் திருடனாகப் பார்ப்பது தப்பு. வருஷக் கணக்கில் உங்கள் மரத்தில் ஏறி இறங்கியவர்தான் நள்ளிரவில் கூப்பிட்டால் முதலில் ஓடி வருவார்.

* வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் காலையும் ராத்திரியும் ஒரு போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் போய்ப் பார்க்கச் சொல்ல, பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேர் நம்பராவது கையில் இருக்கணும்.

முறைப்படி லைசென்ஸ் கேட்பது யாருக்கும் உள்ள வழி. மிரட்டல் இருக்கிறது, ஆபத்து இருக்கிறது என்று ஆதாரம் உள்ளவர்கள் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். கிடைத்தால் ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, பூட்டி வைத்து, பழைய தோட்டாவை மாற்றிக் கவனமாக வைத்துக்கொள்ளலாம். மனு முடிவாகும் வரை திருடன் காத்திருக்க மாட்டான். லைட்டும், கேமராவும், பக்கத்துத் தோட்டத்து நம்பரும் இன்றைக்கே வைக்க முடியும்.

சிவகிரியில் இரண்டு உயிர் போனது வெளியே தெரியச் சில நாட்கள் ஆனது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு தகராறா? பேச்சுவார்த்தை இல்லையா? இன்றைக்குச் சாயந்திரமே ஒரு எட்டு போய்ப் பேசி, போன் நம்பரை வாங்கிக்கொண்டு வாங்க. ராத்திரி 11 மணிக்கு நாய் குரைக்கும்போது தேவைப்படும்.